மெல்லப் பேசப்பட்டவள்

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு
அப்பா வரி விளம்பரம் எழுதினார்.
சொல்லுக்கு இவ்வளவு என்று காசு.
ஸாஃப்ட், ஸ்போக்கன் இரண்டையும்
நடுவில் சின்னக் கோடு போட்டுக் கட்டிவிட்டால்
ஒரே சொல்லாகத்தான் எண்ணுவோம் என்றாராம்
அண்ணா சாலைக் கவுண்டர்க்காரர்.
மிச்சமான காசில்
ஆளுக்கொரு ரோஸ்மில்க் குடித்தோம்.

அந்தக் கோட்டை நம்பி
மேற்கு மாம்பலத்திலிருந்து பார்க்க வந்தார்கள்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.
"போட்டபடியே இருக்கா" என்றாள் அவருடைய அக்கா,
சிலிண்டரை எடை பார்த்து இறக்கியதுபோல.

பதினோரு வருடம் கழித்து
பெருங்குடி, ஆறாவது மாடி, கண்ணாடி அறை.
பெனிட்டா மேடம் திருப்பிக் காட்டிய திரையில்
அதே சொல், அதே கோடு.
இந்த முறை
'திருத்திக்கொள்ள வேண்டியவை' என்ற தலைப்பின் கீழே.
"கெட்ட வார்த்தை இல்லப்பா, நல்ல வார்த்தைதான்.
ஆனா மீட்டிங்ல நீ இருக்கறதே தெரியலையே."

பறக்கும் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது.
தமிழாக்கிப் பார்த்தேன்.
மென்மொழியாள்:
அம்மனுக்கு வைக்கலாம், சம்பள உயர்வு கேட்க ஆகாது.
அமைதியானவள்:
அது வாயே திறக்காதவள்.
ஸ்போக்கன் செயப்பாட்டுவினையாயிற்றே,
ஒன்பதாம் வகுப்பில் படித்தபடியே மாற்றினால்
மெல்லப் பேசப்பட்டவள்.

திருவான்மியூர் வரை சிரித்துக்கொண்டு வந்தேன்,
எதிர் சீட்டுப் பெண் போனை மடியில் கவிழ்க்கும் அளவுக்கு.
கோட்டூர்புரத்தில்
ஆற்று நாற்றத்தோடு சேர்ந்து
வேறொன்றும் உள்ளே வந்தது.

பேசப்பட்டவள்தானே நான்.
கோர்ட்டில் முடிந்து
மந்தைவெளிக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்து
மெல்லத்தான் பேசப்படுகிறேன்,
மொட்டைமாடியில் காயும் போர்வைக்கு அந்தப் பக்கம்,
மோட்டார் ஓடும் சத்தத்தில்,
'தனியாவா?' என்பதற்கு
உதடு மட்டும் அசைய.
அப்பா கொடுத்த காசுக்கு
மோசமில்லை அந்தச் சொல்.

லிஃப்டில்
வாட்டர் கேன் சுமந்த பையனுக்குப் பின்னால்
மூலையில் நின்றேன்.
கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் ஏறி
கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.
"பிள்ளைய அவன்கிட்டயே விட்டுட்டாளாம்"
என்றது ஒரு முதுகு.

"விடல," என்றேன்.
"சனி ஞாயிறு இங்கதான் இருப்பான்."

குரலை உயர்த்தவில்லை.

மூன்றாவது மாடியில் நின்று
கதவு திறந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
தானாக மூடிக்கொண்டது.
கேன் பையன்கூட
இறங்கவில்லை.