பன்னிரண்டு செக்கன்

முற்றவெளியில் ஆறரைக்கென்று போட்டிருந்தது.
எட்டேகாலுக்குத்தான் ஏறினார்கள் நீலநண்டுகள்,
நாலு பேர், மூன்று மூக்குக்கண்ணாடி.
படியில் டட்லி சவரிமுத்துவுக்கு ஒரு பெடியன் கைகொடுத்தான்.
கொம்பு முளைத்த கிற்றாரை ஜெறோம்
நாரிப்பட்டிக்கு மேல் கொளுவினார்.

பண்ணைக் காற்று ஒலிவாங்கிக்குள் புகுந்து
முதல் பாட்டைத் தின்றது.
இரண்டாவதில் ஒரு ஸ்பீக்கர் செத்தது.
பக்கத்துக் கதிரையில் அண்ணன் கச்சான் உடைத்தபடி
"காசு வீண்" என்றான்.

மூன்றாவது, அந்தப் பாட்டு.

நான் அதை முதலில் கேட்டது மின்சாரத்தில் அல்ல.
தொண்ணூற்றிரண்டு. பற்றரிக்குத் தடை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
அண்ணன் பெடலைக் கையால் சுற்ற
டைனமோ முனகும், கசற் பாடும்.
அவனுக்குக் கை உளைந்தால் ஜெறோமுக்குத் தொண்டை தடிக்கும்.
கை மாற்றினால் ஒரு கணம் மூழ்கி எழும்புவார்.
பிறகு வெளிநாட்டில், சரியான வேகத்தில் கேட்டபோது
ஆரோ பகிடிக்குப் பாடுகிறான் என்று
முதல் அடியிலேயே நிறுத்திவிட்டேன்.

இப்போது எழுபது வயதுக் கைகள்.
டட்லியின் குச்சி மெல்ல ஏறி
மெல்ல இறங்குகிறது.
தாளம் இளைத்து இளைத்து
எங்கள் பெடலின் வேகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.
அண்ணன் கச்சானை விட்டுவிட்டான்.
மடியில் வலதுகை, அவனுக்கே தெரியாமல்,
சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் சரணத்தில்
ஜெறோம் ஒலிவாங்கியைச் சனத்துக்கு நீட்டினார்.
பாடினோம்.
"கரையி" என்று சொல்லின் நடுவில் அறுந்து
நேரே கடைசி அடிக்குத் தாவினோம்,
நானும் அண்ணனும் மட்டுமல்ல,
நாற்பதைத் தாண்டிய கதிரைகள் முழுக்க,
ஒரே இடத்தில், ஒரே வெட்டில்.

ஸ்ரான்லி வீதியில் ஒரேயொரு ரெக்கோடிங் பார்.
அவனிடம் ஒரேயொரு நாடா. அதில் எலி கடித்த
பன்னிரண்டு செக்கன், நெயில் பொலிஷால் ஒட்டியது.
ஊர் முழுக்க
அந்த ஒட்டைத்தான் பிரதி எடுத்திருக்கிறது.

மேடையில் திகைப்பு.
பேஸ்காரர் இன்னும் நடுவில் நிற்கிறார்.
ஜெறோமின் வாய் திறந்திருக்கிறது, உள்ளே
நாங்கள் கேட்கவேயில்லாத ஒரு சொல்.
டட்லி குச்சியைத் தூக்கிப் பிடித்தார்,
சனத்தைப் பார்த்தார், சிரித்தார்,
ஒரு பெரிய அடி போட்டு
எங்கள் பக்கம் குதித்தார்.
மற்ற மூவரும் விழுந்தெழும்பிப் பின்னால் வந்தார்கள்.
பாட்டைப் போனில் சரியாகப் பாடமாக்கிய
முன்வரிசைப் பெடியள் மட்டும்
"பிழை, பிழை" என்று கத்தினார்கள்.

திரும்பும்போது ஓட்டோவில்
அண்ணன் தோள்மூட்டை அமத்திக்கொண்டு கேட்டான்:
"அதுக்குள்ள என்னடா கிடக்கு?"
போனில் இருக்கும், போடட்டே என்றேன்.
"வேண்டாம்" என்றான்.
"கை நோகுது."