உறைபெட்டியில் பன்னிரண்டாம் நாள்

பெலெமில் மழை மதியம் இரண்டுக்கு வரும்.
அதற்குள் வார்டுக்குப் போய்
அழுக்குத் துணிகளை வாங்கி வந்துவிட வேண்டும்.
முதலில் காட்டுப்பீ, பிறகு பச்சை,
அதிர்ஷ்டமிருந்தால் கடுகு மஞ்சள்.
மிளகளவு வழித்துக் குப்பியில் போட்டு
மைனஸ் எண்பதில் வைத்துப் பூட்டுவேன்.
சம்பளம் இதற்குத்தான்.

ஏழாம் பெட்டியில் கிடப்பவனுக்குப் பெயரில்லை.
அட்டையில் 'லூசினெய்டியின் சிசு'.
இருபத்தாறு வாரம், எழுநூற்றுத் தொண்ணூறு கிராம்.
என் குடையும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்தால்
அவனைவிடக் கனம்.

இரண்டு மணிக்கொருமுறை
குழாய்வழி ஒரு மில்லி பால்.
அவளுக்கு இன்னும் சுரக்கவில்லை.
தீயணைப்பு நிலையத்து ஓடையிர்
நெருப்பில்லாத வீடுகளின் கதவைத் தட்டி
காப்பித்தூள் சீசாக்களில் உறைந்த
யார் யாரோ பெண்களின் பாலைக் கொண்டுவருகிறார்.
சைரன் அடிப்பதில்லை.

பத்தொன்பதாம் நாள் வயிறு பளபளத்தது.
ஜுரேமா நாடா வைத்து அளந்தாள்.
மறுபடியும் அளந்தாள்.
குழாயில் பச்சை திரும்பி வந்தது.
எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளே காற்று,
சோப்பு நுரை மாதிரி, அத்தனை அழகாக.
பாலை நிறுத்தினார்கள்.
இரவில் பதினொரு சென்டிமீட்டர் வெட்டி எடுத்தார்கள்.
வெட்டியது பிறந்த வயிற்றை.
எரிந்தது பெற்ற வயிறு.

அதன் பிறகுதான் உறைபெட்டியைத் திறந்தோம்.
மூன்றாம் நாள் குப்பியில் ஐந்தாறு குலங்கள்,
சந்தைக்கு வந்தவர்கள்போல இரைச்சலாக.
ஏழாம் நாள் இரண்டு.
ஆன்டிபயாடிக் பெருக்கிவிட்டுப் போன காலி மனைகளில்
பன்னிரண்டாம் நாளுக்குள்
கிளெப்சியெல்லா மட்டும் ஊரை வளைத்துப் போட்டிருந்தது.
ஒரு வாரம் முன்பே.
என் கையெழுத்து ஒட்டிய குப்பியில்.

ஆனால் நான்காம் பெட்டிச் சிறுமிக்கும் இதே கதைதான்.
அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை,
பஸ் ஏறி அனனிண்டேவாவுக்குப் போய்விட்டாள்.
இதுதான் குற்றவாளி என்று
எந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட?

மாடிப்படியில் மறித்து லூசினெய்டி கேட்டாள்:
அதுல என்ன தெரிஞ்சுது?
உள்ளே குடியிருக்கிறவங்க, என்றேன்.
கெட்டவங்களா?
இல்ல. பக்கத்து வீடு காலியாப் போனவங்க.
அவள் தலையாட்டினாள்.
அது பதிலில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாற்பத்தோராம் நாள்.
வயிற்றோரம் ஒட்டிய பை. அரை மில்லியில் தொடங்கி மறுபடி பால்,
இம்முறை அவளுடையது,
இரவெல்லாம் பிழிந்து ஒரு தேக்கரண்டி.
ஜுரேமா பையிலிருந்து வழித்து நீட்டினாள்:
மஞ்சள்.

குப்பியில் தேதி எழுதினேன்.
உறைபெட்டிக்குப் போகவில்லை.
அனுமதியில்லாத காரியம்தான்;
கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயமேற்றி,
கழுவி, லென்ஸுக்கடியில் வைத்தேன்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.

எங்கு பார்த்தாலும் சிவப்புக் குச்சிகள்.
நடுவே, கிளைவிட்ட
ஊதா.
ஒன்பது.
மறுபடியும் எண்ணினேன்.