ஆறு பத்து, ஆறு பதினாறு

கமரா எங்களுடையதில்லை.
கஸ்தூரியார் வீதியில்
நான் கலியாண அல்பம் ஒட்டுகிற ஸ்ரூடியோவில்
ஞாயிறுக்கு ஞாயிறு இரவல்.
ஏழு மணிக்குள் திருப்பவேணும்,
ஏழரைக்கு நல்லூரில் ஒரு சாமத்தியவீடு.

முக்காலிக்கு ஒரு கால் நிற்காது.
றெஜினோல்ட் வலைநூலால் கட்டினான்.
அவன் வீட்டில் எல்லாம் அதால்தான் கட்டுவது:
கேற், குடை, அறுந்த செருப்பு.

முதல் வாரம் துவாரம் படித்தோம்.
எண் சின்னனானால் ஓட்டை பெரிசு.
மூன்று தரம் மறந்தேன்.
நாலாம் தரம்தான் அது பின்னம் என்று விளங்கியது.
இரண்டில் ஒன்று, பதினாறில் ஒன்று.
ஒரு பாணைப் பங்கிடும்போது
ஆருக்குப் பெரிய துண்டு என்று
எனக்குத் தெரியாததா?

பிறகு வெள்ளை.
கமராவுக்கு வெள்ளை தெரியாதாம்,
எது வெள்ளை என்று நாங்கள்தான் காட்டவேணும்,
காட்டினதை அது நம்பும்.
தாள் கொண்டுபோக மறந்து
கொடியில் காய்ந்த அவன் தங்கச்சியின்
பள்ளிக்கூடச் சட்டையைக் காட்டினோம்.
நீலம் போட்டுத் தோய்த்த சட்டை.
அந்த நீலத்தை வெள்ளையென்று நம்பி
அன்று பின்னேரம் முழுக்க
குருநகரைத் தேத்தண்ணி நிறத்தில் எடுத்துத் தந்தது:
வள்ளங்கள், ஐஸ் பெட்டி, எங்கள் பற்கள்.
கமராவில் ஒரு பிழையும் இல்லை.

இரண்டு பேர் கதைக்கையில்
நடுவே ஒரு கோடு ஓடும்.
கண்ணுக்குத் தெரியாது. கமரா தாண்டக்கூடாது.
"ஏன்?" என்றான் றெஜினோல்ட்.
தாண்டினால் பார்க்கிற ஆக்களுக்கு
ஆர் எந்தப் பக்கம் என்று குழம்பிப்போகும் என்றேன்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

ஐந்தாம் ஞாயிறு ஜன்னல்.
கதிரையில் அவன் அம்மா, றோசலின் அன்ரி.
அவவுக்குப் பின்னால் ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் கடல்.
கடலுக்கு அளந்தால் அன்ரி கரி.
அன்ரிக்கு அளந்தால் கடல் இல்லை,
சட்டம் நிறைய வெறும் வெள்ளை.
முகம்தானே படம் என்று முகத்தை எடுத்தோம்,
சின்னத் திரையில் போட்டுக் காட்டினோம்.
அவ முகத்தைப் பார்க்கவேயில்லை.
"கடல எங்க விட்டனீங்கள்?"

வெளிச்சம் கூடி எரிஞ்சுபோச்சு அன்ரி.

"கடல் எரியுமோ?"

அன்று பின்னேரம் வேறு ஒன்றும் எடுக்கவில்லை.
பத்து நிமிசத்துக்கு ஒருக்கால்
முகத்தை அளந்தோம், கடலை அளந்தோம்,
கரண்ட் பில்லின் பின்பக்கம் எழுதினோம்.
நாலு நாற்பதுக்கு ஐந்து படி வித்தியாசம்.
ஐந்தரைக்கு மூன்று.
கணக்குப் பார்த்தால் ஆறு பத்திலிருந்து
ஆறு பதினாறு வரை
இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருக்கும்.
ஆறு நிமிசம்.

ஆறு பத்து.
றெஜினோல்ட் குவிய வளையத்தில் விரல் வைத்தான்.
நான் சிவப்புப் பொத்தானில்.
ஆறு பதினொன்றுக்கு எல்லாம் இருந்தது:
கன்னத்து மச்சம், கழுத்துச் சிலுவை,
பின்னால் நிறம் கெடாத கடல்,
கேட்காமலே வந்த ஒரு வள்ளம்.
ஆறு பன்னிரண்டுக்குக் கேற்றடியில் ஒரு குரல்.
"றோசலினக்கா, கணவாய் இருக்கோ?"

எழும்பிப் போய்விட்டா.

நான் நிறுத்தவில்லை.
அவனும் வளையத்தைத் திருப்பவில்லை.
கதிரைப் பின்னலில் அறுந்த ஒரு வயர்
கொஞ்ச நேரம் ஆடி நின்றது.
ஜன்னல். கடல்.
ஒலி எடுக்க நாங்கள் இன்னும் படிக்கவில்லை,
ஆனாலும் கமராவின் சொந்தக் காதில்
தூரத்தில் அவவின் குரல் விழுந்திருக்கிறது:
கிலோ ஆயிரத்து நானூறு, குறையாது.
ஆறு பதினாறுக்குத் திரும்பி வந்து
லைற்றைப் போட்டா.
ஜன்னல் கறுத்தது.

ஓட்டோவில் மடியில் கமரா, இன்னும் சூடு.
"அம்மா இல்லாத துண்டை
வெட்டுறதோ, விடுறதோ?" என்றான்.
ஆஸ்பத்திரி வீதி முழுக்கச் சனம்.
நான் பதில் சொல்லவில்லை.
கார்டைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டேன்.
இல்லாவிட்டால் ஏழரைக்கு
அந்தக் கடலின் மேல்
ஆரோ ஒரு பிள்ளைக்கு ஆலாத்தி எடுத்துவிடுவார்கள்.