பி ஷிப்ட்

சுற்றறிக்கை எண் முப்பத்தேழு
வியாழன் மாலை கைப்பேசியில் வந்து விழுந்தது.
இட நெருக்கடி காரணமாக
நான்காம் வகுப்பு இனி மதிய வேளையில் இயங்கும்.
ஒன்றே காலுக்கு மணி. ஆறு இருபதுக்கு விடுவார்கள்.
கீழே, வழக்கம்போல,
தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

நான் இன்னும் ஒத்துழைக்கவே தொடங்கவில்லை.

பதினாலு வருடமாக
சோஹார் அலுமினிய ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவன்.
ஏ, பி, சி என்று என் ரத்தத்துக்கே வகை மாறிவிட்டது.
உலைக்குத் தூக்கம் கிடையாது, அதனால் எனக்கும் கிடையாது.
அது புரிகிறது.
பெனிட்டாவுக்கு ஒன்பது வயது.
அவள் எந்த உலைக்குக் காவல்?

கிளினிக்கில் ஆக்னஸுக்கு நாள் இரண்டாக உடைந்தது:
காலை எட்டிலிருந்து ஒன்று,
மாலை நாலரையிலிருந்து ஒன்பது.
நடுவில் கிடைக்கிற மூன்றரை மணி நேரம்
மகளோடு சாப்பிட்டு, கணக்குப் போட்டு, சண்டை போட.
அந்த மூன்றரையைத்தான்
பள்ளிக்கூடம் அளவெடுத்து வெட்டிக்கொண்டது.
காலை முழுக்கக் குழந்தை தனியாக.
நான் ஏ ஷிப்டில் இருப்பேன்,
அல்லது சி ஷிப்ட் முடிந்து
பக்கத்து அறையில் பிணம்போல.

ஜூன் பிறந்தால் நடுப்பகலில்
வெட்டவெளி வேலை கூடாதென்று சட்டம்.
கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டு
நிழலுக்குப் போகிற அதே பன்னிரண்டரைக்கு
என் மகள் ஏழு கிலோ பையோடு
பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

ரோஷன் ஏழாம் வகுப்பு, காலை வேளை.
மீன் மார்க்கெட் ரவுண்டானாவில்
இருவர் பஸ்ஸும் ஒன்றையொன்று சுற்றிப் போகும்.
இவள் கண்ணாடியில் நாக்கை நீட்டுவாளாம்.
அவன் பார்க்காத மாதிரி பார்ப்பானாம்.
வாரத்தில் ஐந்து நாள்
அண்ணன் தங்கை உறவு இவ்வளவுதான்.

சனிக்கிழமைக் கூட்டத்தில் டோக்கன் அறுபத்திரண்டு.
தலைமையாசிரியர் முன்னால் ஒரு மணல் கடிகாரம்;
ஆளுக்கு மூன்று நிமிடம்.
பருவத்துக்கு ஒரு வகுப்பென்று
சுழற்சியில் விடலாமே ஐயா என்றேன்.
எங்கள் ஆலையில் அப்படித்தான்.
சிரித்தார்.
"இது ஆலை இல்லை, பள்ளிக்கூடம்."
ஷிப்ட் என்று முதலில் சொன்னது நீங்கள்தானே
என்று கேட்பதற்குள்
மணல் தீர்ந்தது.
வெளியே ஆலோசனைப் பெட்டி இருந்தது.
பூட்டு துருப்பிடித்திருந்தது.

மனு எழுதினோம். நாற்பத்து மூன்று கையெழுத்து.
கொடுக்கப் போன அன்று பதினொன்று.
"குலுக்கலில் கெடைச்ச எடம்ணே,
எம்பேர மட்டும் அடிச்சிருங்க"
என்றார் ஃபலஜிலிருந்து தனிஸ்லாஸ்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
அவருக்கு எல்.கே.ஜி.யில் இன்னொன்று காத்திருக்கிறது.
பதில் இரண்டு வரியில் வந்தது:
கொள்கை முடிவு. அடுத்த கல்வியாண்டில் பரிசீலிக்கப்படும்.

ஆலையில் ஒருவன் போய் ஒருவன் வரும்போது
ஒப்படைப்புக் குறிப்பேடு உண்டு.
பழைய டைரி ஒன்றை அப்படிக் கோடு போட்டு
ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.
இரவு பதினொன்றரைக்கு வந்து திறந்தால்
அவளுடைய சாய்ந்த எழுத்து:

நிலைமை: இயல்பு.
பால்: தீர்ந்தது.
பாத்ரூம் குழாய்: சொட்டுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.
கணக்கு: இருபதுக்குப் பதினேழு.
ஷீலா ஆன்ட்டி பஸ் வரை வந்தார்.
நிலுவை: அப்பா கையெழுத்து.

காந்தத்தில் செருகியிருந்தது படிவம்.
இவ்வேளை மாற்றத்தை
முழுமனதுடன் ஏற்றுக்கொள்கிறேன்.

ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன் கொஞ்ச நேரம்.
பிறகு முழுமனதுடன் என்பதை மட்டும் அடித்தேன்,
தாள் கிழிகிற அளவுக்கு.
கையெழுத்தும் போட்டேன்.

அதைத் திரும்பச் செருகும்போதுதான்
பின்னால் இன்னொரு வெற்றுப் படிவம் இருந்தது.
அதன் மூலையில் பென்சிலில்:
அடித்தல் திருத்தல் கூடாதாம் அப்பா.
அதனால் ரெண்டு வாங்கி வந்தேன்.