ஏழாவது கிட்டி

கொள்ளிடத்துக்குத் தெற்கே, வடிகாலோரம்
கோரை ஆளுயரம் நிற்கும் இடத்தில்
ஏழாவது கிட்டி மட்டும்
மூன்று நாளாய் ஏமாற்றியது.
வில் தெறித்திருந்தது, கயிறு இறுகியிருந்தது,
எலி இல்லை.
சொட்டு ரத்தம். ஒரு வால்.

வாலுக்குத்தான் கூலி.
துரைக்கண்ணு உடம்பைக் கேட்டதில்லை,
வாலை எண்ணிக் காசு தருவார்.
எனக்கென்ன நஷ்டம் என்று
சேற்றுக் கையை லுங்கியில் துடைத்தேன்.

தடம் பார்த்தேன். நாலு விரல், நகம் பதியவில்லை.
நாயில்லை.
வீட்டுப் பூனை இவ்வளவு அகலமாய் மிதிக்காது.
மாசி ராத்திரிகளில் கோரைக்குள்ளிருந்து
கரகரத்த குரலொன்று கூப்பிட்டதும்
எதிர்க்கரையில் இன்னொன்று பதில் போட்டதும்
அப்போதுதான் நினைவில் தட்டியது.

பங்குனியில், ஒரு விடியலில், நேருக்கு நேர்.
வைக்கோல் நிறம், நெட்டைக் கால்,
காது நுனியில் மை தொட்டாற்போல் மயிர்.
வாலைச் செய்தவன் பாதியில் எழுந்து போயிருக்கிறான்:
கறுப்பாய் ரெண்டு வளையம், அதோடு சரி.
வயிறு இருபக்கமும் புடைத்திருந்தது.
காட்டுப்பூனை.
காடே இல்லாத தாலுக்காவில்.

வரப்புத் தவளை, உளுந்துக்குள் பம்மும் காடை,
வடிகால் வற்றும்போது துள்ளும் கெண்டை,
எதையும் விடமாட்டாள்.
நனையவும் பயமில்லை, நெஞ்சளவு இறங்குவாள்.
ஆனாலும் அன்றாடச் சோறு எலிதான்.
என் தொழிலேதான் அவளுக்கும்.
எனக்கு மூங்கில் தேவைப்படுகிறது.

சித்திரையில் தூர்வாரப் பொக்லைன் வந்தது.
ரெண்டு வாரி அள்ளியிருப்பான் கிருபாகரன்,
இஞ்சினை அணைத்துவிட்டுக் கத்தினான்:
"அண்ணே, புலிக்குட்டி!"
மூன்று.
கண் அன்றைக்குத்தான் திறந்த நீலம்.
மேலெல்லாம் வரி. வளர வளர அழிந்துவிடும்,
அதற்குள் அவனுக்குப் புலியாகவே இருக்கட்டும்.

வண்டிக்கு மணிக்கணக்கில் வாடகை.
கான்ட்ராக்டர் போனில் வைதார்.
"டீசல் தீந்துபோச்சு சார்" என்றான்,
டேங்க் மூடியைத் தட்டிக்கொண்டே.

ராத்திரி அவள் வந்ததை யாரும் பார்க்கவில்லை.
காலையில் கோரை மெத்தை காலி.
ஓரத்தில் ஈ மொய்த்துக்கொண்டு
ஒன்று மட்டும் கிடந்தது.
கிருபாகரன் பக்கெட்டைப் பார்க்காமல்
குழி தோண்டினான், கையால்.

ஆனியில், குறுவை நாற்றங்காலில்
கிட்டி வைத்தேன்.
ஏழாவதில் இப்போது வாலும் இல்லை.
மூங்கிலில் மட்டும் பல் பட்ட கீறல்,
ஊசி ஊசியாய், சின்னச் சின்னதாய்.

துரைக்கண்ணு எண்ணினார்.
"ஒண்ணு குறையுதேடா."

ஆமாம் என்றேன்.