இருமல் வழக்கு

ஸ்னோய்மோ நகர நீதிமன்றத்தில்
நான் சுருக்கெழுத்துக்காரி.
ஐம்பத்திரண்டாம் வருடம், நவம்பர்,
கரிவண்டி வராத வாரம்.
கையுறையில் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு
எழுதிக்கொண்டிருந்தேன்.

கூண்டில் வெண்டலீன் ஹ்ருஷ்கா, பொம்மலாட்டக்காரன்.
பக்கத்தில் தடயப் பொருள் எண் மூன்று:
லிண்டன் மரத்தில் செதுக்கிய தவளை ராஜா.
கழுத்தில் சீட்டு, முதுகில் சுருட்டிய நூல்,
அவனைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

குற்றம் இது:
ஊறுகாய் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில்
ஞாயிறு மதியம்
வாயைத் திறக்கும் முன்பெல்லாம் ராஜா இருமினார்,
மாவட்டத் தலைவர் கொப்ரிவா இருமுகிற மாதிரியே.
பிள்ளைகள் சிரித்தார்கள். அது பரவாயில்லை.
பெரியவர்கள், பக்கத்தில் யார் என்று பார்த்துவிட்டு,
சிரித்தார்கள்.

எந்தச் சொல்லில் பதிவது என்றுதான்
காலை முழுக்க வாதம்.
கேலி என்றால் அபராதம், சம்பளத்தில் கழியும்.
கிண்டல் என்றால் கண்டித்து அனுப்பலாம்,
குடித்திருந்தான் என்று ஒரு சாட்சி கிடைத்தால்.
நையாண்டிக்கு ஆறு மாதம்.
எள்ளல் என்றால் உள்ளே கருத்து இருக்கிறது,
கருத்துக்கு இரண்டு வருடம்.
அங்கதம் என்றாலோ ஆள் படித்தவன்,
கூட்டாளிகள் யாரென்று விசாரிக்க வேண்டும்.
அழகு காட்டினான் என்று எழுதலாமா?
யோசித்தேன்.
சட்டத்தில் அழகுக்கு இடமில்லை.

"பகடி" என்றார் அரசு வக்கீல் ஷிம்ச்சிக்.
"சளி ஐயா" என்றான் ஹ்ருஷ்கா.
"யாருக்கு?"
"தவளைக்கு."

அசலும் நகலும் ஒன்றென்று
நிரூபித்தாக வேண்டுமே.
ஷிம்ச்சிக் எழுந்தார். அங்கியைச் சரிசெய்தார்.
தாடையை உள்ளே இழுத்து
ஒரு கையால் சட்டைப் பொத்தானைத் தேடி
க்ஹும். க்ஹும்.
க்ஹு… உம்.

அடடா.
மூன்றாவதில் ஒரு சின்ன விசில்கூட இருந்தது,
தலைவருக்கு இடப்பக்கக் கடைவாய்ப் பல் இல்லை என்று
தெரிந்தவர் மட்டுமே போடக்கூடிய விசில்.
எத்தனை இரவு பழகினாரோ.
வழக்குக்காகத்தான் என்று
மனைவியிடம் சொல்லியிருப்பார்.

யாரும் சிரிக்கவில்லை.
பெஞ்சுகள் மட்டும் கிறீச்சிட்டன.

அப்போது கடைசி வரிசையில்
யாரோ இருமினார்கள்.
மட்டமான இருமல். அவசரம்,
சுருதி சேரவில்லை, விசில் பாதியில் நின்றது.
அவ்வளவுதான், கூடம் உடைந்தது.
காவலர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார்.
"யாரது? சரியாகச் செய்யவும் தெரியவில்லை,
வெளியே அனுப்புங்கள்" என்றார் நீதிபதி,
மூக்குக்கண்ணாடியைத் துழாவியபடி.

எழுந்து நின்றவர் கொப்ரிவா.
தன் இருமல் தன்னுடையதில்லை என்று
ஊர்முன்னால் தெரிந்துகொண்ட முகம்.
தொப்பியை எடுத்தார். போனார்.
கதவுக்கு வெளியே இன்னும் ஒருமுறை இருமினார்,
மெதுவாக, சரிபார்ப்பது போல.

என் சுருக்கெழுத்தில் சிரிப்புக்குக் கோடு கிடையாது.
இரண்டு விரல் அகலம்
வெற்றிடம் விட்டேன்.

"முறையற்ற இருமல்" என்று முடிந்தது தீர்ப்பு.
ஹ்ருஷ்காவுக்கு எட்டு மாதம், செங்கல் சூளை.
வசந்தத்தில் திரும்பவில்லை, கோடையில் திரும்பினான்,
நிஜமாகவே இருமிக்கொண்டு.
அதை யாரும் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.
தவளை ஆவணக் கிடங்கிலேயே தங்கிவிட்டது.

ஒன்பது வருடம் கழித்து
ப்ர்னோவிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார்.
இளைஞர், கொப்ரிவாவைப் பார்த்தே இராதவர்.
அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
"இங்கே எதை அழித்தீர்கள்?" என்றார்.
"அழிக்கவில்லை. எழுத வரவில்லை."

தேதியைப் படித்தார்.
பெயரைப் படித்தார்.
எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.
தாடையை உள்ளே இழுத்து, பொத்தானைத் தேடி,
க்ஹும். க்ஹும். க்ஹும்.
"எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்."

"தப்பு" என்றேன்.
"மூன்றாவதில் விசில் வரவேண்டும்."
பேனாவைக் கீழே வைத்துவிட்டு
காட்டினேன்.