ஊசிப் பொண்ணு, கஞ்சிப் பொண்ணு

தொழில்சார் அடையாளம் என்றால் என்ன, விளக்குக.
ஐந்து மதிப்பெண்.
நான்கு குறிப்பு எழுதி அடிக்கோடிட்டேன்.
மூன்று விழுந்தது.

அதற்கு முந்தின வாரம்தான்
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
"சிஸ்டர்" என்று யாரோ கூப்பிட
நானும் திரும்பிப் பார்த்தேன்
சிஸ்டர் எங்கே என்று.

பானுவுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை.
அவளைக் கூப்பிட வார்டில் ஒரு சொல்லே கிடையாது.
டயட்டீஷியன் என்று வாயில் நுழைவதற்குள்
சாப்பாட்டு வண்டி கடந்து போய்விடும்.
படிப்பது பாண்டிச்சேரியில், பயிற்சி இங்கே.
கோட்டுப் பையில் அளவு நாடா,
முப்பது மில்லி கரண்டி ஒன்று.
"ஏம்மா, ரெண்டு இட்லி சேத்து வையேன்" என்பார்கள்.
அவள் திரும்பித் தட்டைப் பார்ப்பாள்.
தட்டு வேறு யாருடையதோ மாதிரி.

பதினேழாம் படுக்கை தேசிங்கு,
சோனாங்குப்பம், ஐம்பத்து நாலு,
சிறுநீரகம் இரண்டும் பாதிக்கு மேல் போயாச்சு.
தினமும் காலையில் அவர் கணுக்காலுக்கு மேலே
கட்டை விரலை வைத்து அழுத்துவேன்.
எடுப்பேன்.
ஈர மணலில் மிதித்த மாதிரி ஒரு குழி.
அது மேலே வரும் வரை எண்ண வேண்டும்.
முதல் நாள் பன்னிரண்டோடு
எனக்கு எண்ணிக்கை தவறிப்போனது.
"பதிமூணு, பதினாலு..." என்றார் அவர்,
கூரையைப் பார்த்துக்கொண்டு.

உறை மாற்றும்போது தலையணைக்குள் கையில் பட்டது
தினத்தாள் பொட்டலம். நெத்திலிக் கருவாடு.
அவர் மனைவி ராசகிளி சுவரைப் பார்த்தாள்.
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
பானுவைக் கூட்டி வந்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன்.
பிரித்து முகர்ந்தாள்,
ஒன்றை எடுத்து நகத்தால் நிமிண்டிப் பார்த்தாள்.
"எங்க காஞ்சது?"
"எங்க மணல்லதான்."
"நல்லாருக்கு. ஆனா இதுல கொஞ்சம் உள்ள போனாலும்
ராத்திரி படுக்க முடியாது அண்ணே, மூச்சு முட்டும்."

"நாப்பது வருசம் உப்புத்தண்ணில கெடந்தவன்.
நாக்குக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவளிடமும் பதில் இல்லை.
பட்டியலை எடுத்தாள்.
உப்பில்லா இட்லியில் ஒன்றை அடித்தாள்.
நான்கு தடவை கணக்குப் போட்டாள்,
மதியப் பருப்பில் கொஞ்சம் பிடித்தம் செய்தாள்,
ஓரத்தில் பொடி எழுத்தில்:
பச்சை மத்தி, சின்னதாக ஒன்று. உப்பு வேண்டாம்.
மிளகு, பூண்டு, வறுத்த சீரகம். தோசைக்கல்லில்.
வீட்டிலிருந்து கொண்டு வரலாம்.
டாக்டரிடம் காட்டப் போனவள்
அரைமணி கழித்துக் காது சிவந்து வந்தாள்.
தாளில் அவர் கையெழுத்து இருந்தது.
அதற்குக் கீழே அவளுடையதும்: ஷம்ஷாத் பானு.
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

நானும் எழுதினேன் பதிவேட்டில்.
ஏழு நாற்பது, தலையணையில் கருவாடு, அகற்றப்பட்டது.
பொறுப்பு சிஸ்டர் கத்தினார்.
கத்தட்டும் என்று நின்றேன்.
காலையில் நின்ற இடத்திலேயே, வேறு மாதிரி.

மறுநாள் வாசலில் ராசகிளி விசாரித்தாளாம்:
"ஊசிப் பொண்ணு வந்துட்டாளா?
கஞ்சிப் பொண்ணு எங்க?"

அந்த வாரம் குழி ஒன்பதில் நிரம்பியது.
அடுத்த வாரம் பதினாறு.
கால் கதை கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை.
சீருடை கொடியில் காய்கிறது.
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டியில்
பானு சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்,
கண்ணை மூடி ஒரு எண் சொன்னாள், கிராமில்.
என் காதில் விழவில்லை.
அடுப்புக்குக் கீழே கடைக்காரர்
செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.
வார் பதிந்த இடம் பாதத்தில் அப்படியே இருந்தது,
ஆழமாக.
எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன் போல.

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.
"சாயங்காலம் ஆனா இப்படித்தாம்மா,
ரெண்டு மாசமா" என்றார்.

நாங்கள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.